ஆலோசகர் அறையும் ஊர்க்கூட்டமும்: கேள்வி பதில்

தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் மாணவர் ஆலோசகராக நெடுங்காலம் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இடம்பெற்றிருக்கும் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறேன். பள்ளி ஆலோசகராவதற்கு அது போதுமா?

பதில்: தனியார் பள்ளிகள் பலவற்றில் விண்ணப்பிக்கப் போதும். எனினும், வழிகாட்டல் பயிற்சி தனியாகத் தேவை என்பதே என் கருத்து. மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. இதற்கென ஒரு பட்டயப் படிப்பை நடத்துகிறது. மைசூரில் உள்ள அதன் மண்டலக் கல்வி நிறுவனத்தை விசாரித்துப் பாருங்கள். மனநோயைக் கண்டறிந்து சிகிச்சை அளிப்பது மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரின் வேலை. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எல்லையைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: மாணவர் நம்பிச் சொன்னதைத் தலைமை ஆசிரியர் கேட்டால் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: நடவடிக்கைக்குத் தேவையான அளவு மட்டும் சொன்னால் போதும். ஆனால், பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிய வந்தால் இரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பதை அனைவருக்கும் கடமையாக்குகிறது; தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே, "உன் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் நான் மற்றவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்" என்பதைப் பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆலோசகருக்கும் கிராம சபைக்கும் என்ன தொடர்பு? அறையில் உட்கார்ந்து பேசுவதுதானே வேலை?

பதில்: மதியத்துக்கு மேல் தலைவலி என்று மாணவிகள் அடுத்தடுத்து என்னிடம் வந்த காலம் ஒன்று உண்டு. தேர்வு பயமாக இருக்கும் என்றுதான் ஆசிரியர்கள் நினைத்தார்கள். விசாரித்தபோது, கழிப்பறையில் தண்ணீர் வராததாலும் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததாலும், காலையிலிருந்தே அவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தெரிந்தது. இதற்கு எத்தனை அமர்வு ஆலோசனை கொடுத்து என்ன பயன்? கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். தமிழ்நாட்டில் அக்குழுவின் தலைவராக இருப்பவரும் ஒரு மாணவரின் தாய். அந்தத் தாய்மார்களிடம் எடுத்துச் சொன்னோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அவர்களே எழுந்து கேட்டார்கள். குழாய் இணைப்பு வந்தது. நான் பேசியிருந்தால் பள்ளிக்காரரின் புகார் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பெயரைச் சொல்லாமல் "ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தறிக்காரர் மகள்" என்றாலே சின்ன ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகையால் குறையை மட்டும் கூட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள். பிள்ளையின் கதை அறையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: பணியில் இருந்துகொண்டே வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கலாமா?

பதில்: அரசு ஊழியர் என்றால் முடியாது. மற்றவர்கள் தங்கள் பணி விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தோற்ற அணியின் வீட்டுப் பிள்ளை அதன்பின் உங்கள் அறைக்கு வருமா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு மாணவிக்குத் திருமண ஏற்பாடு நடக்கிறது. ஊர்ப் பெரிய குடும்பம். நானும் அதே தெருவில்தான் இருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் மாணவியிடம் தனியே பேசி, நிச்சயித்த நாளை உறுதிசெய்துகொள்ளுங்கள். 18 வயது நிறையவில்லை என்றால் காலம் கடத்தாமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ மாவட்ட சமூக நல அலுவலருக்கோ தெரிவியுங்கள்; தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவரே. திருமணத்துக்கு முன்பே நீதித்துறை நடுவரிடம் தடையாணை பெறலாம். அதை மீறி நடக்கும் திருமணம் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி செல்லாது. நீங்களே போய்ப் பந்தலில் நிற்க வேண்டாம். தடுத்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது: செலவைக் காரணம் காட்டும் பெற்றோரிடம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதை விளக்குங்கள், அவள் மறுபடி வகுப்புக்கு வரும் முதல் நாளில், யாரும் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.