கீபோர்டு வாங்கியாச்சு, சத்தம் ஏன் லேட்டா வருது?

கேள்வி: சார், ரிச்சி ஸ்ட்ரீட்ல 49 கீ மிடி கீபோர்டு வாங்கினேன். லேப்டாப்ல சொருகினா லைட் எரிஞ்சுது, சத்தம் வரல. ஃப்ரெண்டு ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரும், அதுக்குள்ள பியானோ சத்தம் குடுக்கற ஒரு பிளக்இன்னும் போட்டுக் குடுத்தான், இப்ப கேக்குது, ஆனா அமுக்கி கொஞ்சம் கழிச்சுத்தான் கேக்குது. ராத்திரி ப்ளூடூத் ஹெட்செட்லதான் வாசிக்கறேன். புது லேப்டாப் வாங்குன்றான், வாங்கணுமா? இதுல கமகம் வருமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: காசை எடுத்து உள்ள வைங்க தம்பி. அந்த கீபோர்டுக்குள்ள சத்தம்னு ஒண்ணும் கிடையாது, எந்த கீய அமுக்கினீங்க, எவ்வளவு வேகமா அமுக்கினீங்க, எப்ப கைய எடுத்தீங்க, இத மட்டும் நம்பரா லேப்டாப்புக்கு அனுப்பும், வேகத்துக்கு 1லேர்ந்து 127 வரைக்கும், அவ்ளோதான். இதுக்குப் பேர்தான் மிடி, 1983ல வந்த ஏற்பாடு, இன்னும் ஓடுது. இந்த நம்பர் போய்ச் சேர நேரமே ஆகாது, லேட் ஆகறதெல்லாம் சத்தம் உருவாகி வெளிய வர்ற வழியிலதான். உங்க கேஸ்ல மொத குத்தவாளி ப்ளூடூத். சத்தத்த சுருக்கி, அனுப்பி, அங்க திரும்ப விரிக்கறதுக்குள்ள 100, 200 மில்லிசெகண்ட் சாதாரணமா போயிடும், பாட்டு கேக்கறப்ப தெரியாது, வாசிக்கறப்ப கை ஒரு பக்கம் காது ஒரு பக்கம்னு ஆயிடும். ஒயர் வெச்ச சாதா ஹெட்போன் போடுங்க.

அப்பவும் இழுத்தா ரீப்பர்ல ஆடியோ டிவைஸ் செட்டிங் திறந்து டிரைவர் என்னன்னு பாருங்க, விண்டோஸ்னா சத்தத்த லேட் இல்லாம வெளிய அனுப்பற ஏசியோங்கற டிரைவர் சாஃப்ட்வேர் வேணும், தனி ஆடியோ கார்டு இல்லாதவங்களுக்கு ஏசியோ ஃபார் ஆல்னு இலவசமாவே இருக்கு. அதே இடத்துல பஃபர்னு ஒண்ணு இருக்கும், சத்தத்த வெளிய விடறதுக்கு முன்னால எத்தன சாம்பிள், அதாவது சத்தத் துணுக்கு, சேத்து வெக்கணும்ங்கற அளவு. அது 1024ல இருந்தா, செகண்டுக்கு 44,100 சாம்பிள்ங்கற ரேட்டுக்கு, அது மட்டுமே 23 மில்லிசெகண்ட் தின்னுடும், 128க்கு எறக்கினா 3கிட்ட வந்துடும். ரொம்ப எறக்கினா பொரிகடலை மாதிரி படபடங்கும், அப்ப 256. ரெக்கார்டிங் முடிஞ்சு மிக்ஸ் பண்றப்ப திரும்ப ஏத்திக்கலாம், அங்க லேட் ஆனா யாருக்கு என்ன.

கமகம் வரும், இடது பக்கம் இருக்கற பிட்ச் வீல்ல. பெரும்பாலும் மேல 2, கீழ 2 செமிடோன்னுதான் (ஒரு கீக்கும் பக்கத்து கீக்கும், கருப்பையும் சேத்து, நடுவுல இருக்கற இடைவெளி) செட் ஆகியிருக்கும், அதாவது ச அமுக்கி வீல முழுசா தள்ளினா சதுஸ்ருதி ரி. வீணை மாதிரி நீளமா இழுக்கணும்னா பிளக்இன்ல பெண்ட் ரேஞ்ச, அதாவது வீல் எவ்வளவு தூரம் இழுக்கும்ங்கற அளவ, கூட்டணும், 7 வெச்சா சலேர்ந்து ப வரைக்கும் போகும், ஆனா அப்புறம் வீல் துளி அசைஞ்சாலும் ஸ்ருதி எங்கயோ போயிடும், அதனால மொதல்ல 2லயே கை பழகட்டும்.