ஈறில் ரத்தம், உருண்டையில் என்ன?

கேள்வி: பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. ‘மெர்க் சால் 30’ என்ற ஹோமியோபதி உருண்டை வாங்கினேன். ஈறு நோயில் வெள்ளையணுக்களை இந்த மருந்து முடுக்கிவிடுவது ஆய்வகத்தில் நிரூபணமாகியிருக்கிறது என்று கூடவே கொடுத்த நோட்டீஸில் போட்டிருக்கிறது. பல் டாக்டர் சொன்ன க்ளீனிங்கைத் தள்ளிப்போடலாமா? க்ளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார் மாமியார்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தள்ளிப்போடாதீர்கள்.

ஈறு நோயில் வெள்ளையணுக்கள் சோம்பிக் கிடப்பதில்லை. நியூட்ரோஃபில் என்கிற வகை, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கும்பலாக வந்து குவிகிறது. கிருமியோடு மல்லுக்கட்டும்போது அது கக்கும் நொதிகளில் ஒன்று எம்எம்பி-8. ஈறைப் பல்லோடு கட்டிவைத்திருக்கும் கொலாஜன் நாரையும் அது அறுத்துவிடும். ஆகவே ஒரு மருந்து இந்த அணுக்களை முடுக்குவது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அது நல்ல சேதியா என்பது சந்தேகம்தான்.

அடுத்தது ‘30’. நூறில் ஒரு பங்காகக் கலந்து குலுக்குவதை முப்பது தடவை செய்தது என்று அர்த்தம். பன்னிரண்டாவது தடவையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பு அரிது. உங்கள் கையில் இருப்பது சர்க்கரை உருண்டை.

பிறகு எப்படி ஆய்வகத்தில் ‘பலன்’ தெரிகிறது? பெரும்பாலும் இரண்டு இடத்தில் கோளாறு. ஹோமியோபதியில் ‘வீரியம்’ என்று சொல்லப்படும் இந்தக் கரைசல்களைச் சாராயத்தில்தான் தயாரிக்கிறார்கள். 90 சதவீதச் சாராயக் கரைசலை அணு வளரும் திரவத்தில் பத்தில் ஒரு பங்கு ஊற்றினால், அங்கே 9 சதவீதம் சாராயம். அதில் அணுக்கள் துவண்டுவிடும், செத்தும் போகும். அதைப் பார்த்து ‘மருந்து வேலை செய்கிறது’ என்று எழுதிவிடலாம். இன்னொன்று எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவின் சுவரிலிருந்து கழன்ற துணுக்கு. நானோகிராம் அளவே வெள்ளையணுவை உசுப்பிவிடும். கண்ணாடிக் குப்பியில் ஒட்டியிருந்தால் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் போகாது. 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். அதனால் இப்படியொரு ஆய்வைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். மூலப்பொருள் சேர்க்காமல், அதே சாராயத்தை அதே மாதிரி குலுக்கி ஒப்பிட்டார்களா? எந்தக் குழாயில் எது என்று தெரியாமல் எண்ணினார்களா? பேசோஃபில் என்கிற வெள்ளையணுவை மிகமிக நீர்த்த கரைசலும் உசுப்புகிறது என்று 1988-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த பிரான்ஸின் ழாக் பென்வெனிஸ்ட் குழுவின் ஆய்வு கவிழ்ந்தது இரண்டாவது கேள்வியில்தான். குழாய்களின் அடையாளத்தை மறைத்துத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் காணாமல் போனது.

மாமியார் பயத்துக்கு வருவோம். பல்லை க்ளீனிங் ஆட்டுவதில்லை. எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், பல்லில் கெட்டியாகப் படிந்த காரை முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீக்கம் வடிவதால் இடைவெளியும் கொஞ்சம் தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். இடுக்கின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று டாக்டரிடம் கேளுங்கள். 3 வரை சரி. 4-க்கு மேல் போய் ரத்தமும் வந்தால் வேர் வரை சுரண்ட வேண்டியிருக்கும். அப்படியே ஒரு தடவை ரத்தத்தில் சர்க்கரை அளவும் பார்த்துவிடுங்கள். வீட்டில் மென்மையான பிரஷை ஈறு விளிம்பில் சாய்த்துவைத்து, இரண்டு வேளையும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டால் அழுக்கு சேர்ந்து இன்னும் வரும்.

கேள்வி: 30-ல் ஒன்றும் இல்லையென்றால் 3எக்ஸ் வாங்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேண்டவே வேண்டாம். 3எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெர்க் சால் பாதரசச் சேர்மம்; அந்த அளவில் நிஜமாகவே பாதரசம் உடம்புக்குள் போகும்.

கேள்வி: பீடியும் மாவாவும் (புகையிலை, பாக்குக் கலவை) உண்டு. ஆனால் ஈறில் ரத்தமே வருவதில்லை. நல்லதுதானே?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பீடி பிடிப்பவர்களுக்கு நோய் இருந்தாலும் ரத்தம் குறைவாகத்தான் வரும், உள்ளே எலும்பு கரைவது நிற்காது. கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலிருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் இடுக்கின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். மாவாவை ஒதுக்கிவைக்கும் கன்னத்தின் உட்புறத்தையும் காட்டுங்கள். வெள்ளைத் திட்டு இருந்தாலோ, வாய் முன்போல் அகலமாகத் திறக்கவில்லை என்றாலோ, அதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு ஈறுக்கு வாருங்கள்.