பழைய அலுமினியப் படகைத் திருத்துவது: கேள்வி பதில்

ஒன்ராறியோவில் பனி உருகத் தொடங்கினால், வளவுகளில் தார்ப்பாய் மூடிக் கிடந்த பழைய அலுமினியப் படகுகள் வெளிச்சத்துக்கு வரும். கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட 12 முதல் 16 அடி மீன்பிடிப் படகுகளைப் பற்றியவை. ரிவெட், ஒழுக்கு, தளம், பின்பலகை (எஞ்சின் மாட்டும் பலகை) ஆகியவை என் வேலை. எஞ்சின் ஓரளவு தெரியும். சட்டம் கேட்டால் வழி மட்டும் காட்டுவேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படகுக்குக் கிட்டச் செம்பைக் கொண்டுவராதீர்கள். உக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய பிரஷர் ட்ரீட்டட் பலகையும் அதில் அடங்கும்.

கேள்வி (மார்க்கம்): அண்ணா, அப்பா விட்டுப்போன 14 அடிப் படகு கனகாலமாக வளவில் கிடக்கிறது. திருத்தலாமா, பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம், தங்கச்சி. நன்னீரில் ஓடிய அலுமினியப் படகு 1960களில் செய்ததாக இருந்தாலும் இன்றைக்கும் ஓடும். கெட்டுப்போவது அதோடு சேர்ந்த மரமும் நுரையும் வயரும்தான்.

உள்ளே கிடப்பதை எல்லாம் வெளியே எடுங்கள். எஞ்சின் மாட்டியிருந்தால் தண்ணீருக்குள் இறங்கும் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்பலகையும் கூடவே வளைந்தால் உள்ளே இருக்கும் பிளைவுட் உக்கிவிட்டது. அது மாற்றக்கூடியது, பயப்பட ஒன்றுமில்லை.

பிறகு தகடு. தளப்பலகையைக் கழற்றிவிட்டு அடித்தகட்டைக் கையால் தடவுங்கள். வெண்பொடி படிந்த இடங்களைச் சுரண்டி, குழி விழுந்திருந்தால் ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். முனை உள்ளே போனால் அந்த இடத்தில் தகடு முடிந்தது. ஒன்றிரண்டு இடம் என்றால் ஒட்டுப்போடலாம். விலாக்களின் ஓரமாக வரிசை வரிசையாகக் குழி இருந்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். வெடிப்பை, பின்மூலைகளிலும் இருக்கை பக்கத்தகட்டில் சேரும் இடத்திலும் விலா முனைகளிலும் தேடுங்கள். எஞ்சினின் அதிர்வும் டிரெயிலரில் வாங்கும் குலுக்கலும் அங்கேதான் போய்ச் சேரும்.

கடைசியாக நுரை. இருக்கைகளுக்குள்ளும் தளத்துக்குக் கீழும் இருக்கும். ஒரு துண்டு வெட்டிப் பிழியுங்கள். ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ. பத்துக் கன அடி நுரையில் பாதி ஊறியிருந்தாலே 140 கிலோ. இரண்டு பேர் டிக்கெட் எடுக்காமல் ஏறி இருக்கிற மாதிரி. ஊறிய நுரையை எறியத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். படகு தண்ணீர் நிரம்பினாலும் அடிக்குப் போகாமல் இருப்பது அந்த நுரையால்தான்.

கேள்வி (ஸ்காபரோ): படகு ஒழுகுகிறது. உள்ளே முழுக்க சிலிக்கன் அடித்தால் நிற்குமா?

நிற்காது. அதோடு சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்டோ எப்பொக்சியோ ஒட்டாது. அடுத்து வேலை செய்பவர் உங்களைத் திட்டுவார், அது நீங்களாகவே இருந்தாலும்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள். படகை டிரெயிலரில் வைத்து உள்ளே தண்ணீர் விட்டு, வெளியே சொட்டும் ரிவெட்டை எல்லாம் மெழுகுப் பென்சிலால் அடையாளம் போடுங்கள். கவனம், 14 அடிப் படகில் 4 அங்குலம் தண்ணீர் விட்டாலே 400 கிலோ அளவில் வரும். அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் நிரப்பினால் தகடு வளையும்.

சொட்டும் ரிவெட் பெரும்பாலும் தளர்ந்ததுதான், உடைந்தது இல்லை. அதை மறுபடி அடித்து இறுக்கலாம். இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் பாரமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க, வெளியே இருப்பவர் தலையில் குழிவான அச்சை வைத்துத் தட்ட வேண்டும். தலை தேய்ந்தவற்றைத் துளைத்து எடுத்துவிட்டுப் புது ரிவெட் போடுங்கள். உள்ளே கை போகாத இடத்துக்கு ஒரு பக்கத்தில் இருந்தே இழுத்து இறுக்கும், முனை மூடிய பொப் ரிவெட்டைக் கடல்வேலைப் பசையில் தோய்த்துப் போடலாம். சாதாரண பொப் ரிவெட்டின் நடுவில் துளை இருக்கும், அதால் தண்ணீர் வரும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் குளுவிட் மாதிரியான இரண்டு கலவை எப்பொக்சியை உள்ளே பொருத்துகளின் மேல் பூச வேண்டும். தளர்ந்த ரிவெட்டின் மேல் பூசினால் எஞ்சின் அதிர்வில் ஒரு பருவத்துக்குள் வெடிக்கும்.

கேள்வி (அஜக்ஸ்): படகு எந்த ஆண்டு செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்பலகையின் வெளிப்பக்கம், வலது மேல்மூலையில் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட இலக்கம் இருக்கும். முதல் மூன்று எழுத்து செய்தவரைக் குறிக்கும். 1980களின் நடுவில் இருந்து வந்தவற்றில் கடைசி இரண்டு எண் மொடல் ஆண்டு. அமெரிக்காவில் இது 1972 நவம்பரிலும் கனடாவில் 1981 ஓகஸ்டிலும் கட்டாயமானது. இலக்கமே இல்லை என்றால் அதற்கு முந்தியதாக இருக்கலாம்.

கேள்வி (பிரம்டன், கட்டட வேலைக்காரர்): 25 வருஷமாகத் தச்சு வேலை. தளத்துக்கும் பின்பலகைக்கும் பிரஷர் ட்ரீட்டட் பிளைவுட்டை விட நல்லது இல்லை. உக்காது. நீங்கள் ஏன் எல்லாரையும் பயமுறுத்துகிறீர்கள்?

உக்காது, உண்மைதான் அண்ணை. அது உக்காததற்குக் காரணமே அதில் ஏற்றிய செம்பு. பூஞ்சையைக் கொல்லும் அதே செம்பு அலுமினியத்தையும் தின்னும்.

ஈரப் பலகையில் இருந்து செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். அலுமினியத்தில் பட்டதும் அங்கே செம்புத் துகளாகப் படியும். இரண்டு உலோகம், நடுவில் தண்ணீர்: சின்ன பற்றரி. அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். அதனால் பலகை புதிதாகவே இருக்கும், கீழே தகட்டில் குண்டூசி அளவில் ஓட்டைகள் விழும். அடித்தகட்டில் ஒரு பழைய ஒரு சத நாணயம் விழுந்து ஈரத்தில் கிடந்தாலும் இதே கதை. 1996 வரை வந்த கனேடியச் சதம் பெரும்பாலும் செம்பு. ஈயக் குண்டுகளையும் அடித்தகட்டில் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி (மிசிசாகா): நான் வீட்டோடு சேர்ந்த மரமேடை (டெக்) கட்டுபவன். வீட்டுச் சுவரில் ட்ரீட்டட் மரம் பூட்டும்போது அலுமினியத் தகடு வைக்க வேண்டாம் என்று மரம் விற்கிறவர்களே சொல்கிறார்கள். அதே காரணமா?

அதே காரணம்தான், தம்பி. மழை நனைக்கும் டெக்கிலேயே வேண்டாம் என்றால், எப்போதும் தண்ணீர் தேங்கும் படகின் அடியில் எப்படி?

கேள்வி (பிரம்டன், அதே அண்ணை): அப்படியென்றால் படகுக் கொம்பனிகளே ட்ரீட்டட் பலகை போட்டது ஏன்? என் 90களின் படகைத் திறந்தால் பச்சைப் பலகை. ஓட்டை ஒன்றும் இல்லை.

நல்ல கேள்வி. போட்டார்கள், மறுக்கவில்லை. அது பழைய வகை மருந்து: செம்போடு குரோமியமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. குரோமியம் செம்பை மரத்தோடு இறுக்கிப் பிடிக்கும், கரைவது குறைவு. ஆர்சனிக் இருந்ததால் 2003 முடிவோடு வீட்டுப் பாவனைக்கான மரத்தில் அதை நிறுத்தினார்கள், இங்கேயும் அமெரிக்காவிலும். அதற்குப் பதிலாக வந்த மருந்துகளில் குரோமியம் இல்லை, செம்பின் அளவோ கூடுதல். இன்றைக்குக் கடையில் நீங்கள் வாங்குவது உங்கள் படகில் இருக்கும் பலகை இல்லை.

அந்தப் பழைய பலகையையும் முழுக்க நம்ப வேண்டாம். தளத்தைத் தூக்கி, தண்ணீர் தேங்கும் பின்பக்கத்தில் விலாக்களின் மேல் முகத்தைச் சுரண்டிப் பாருங்கள். மேலால் பார்த்தால் ஓட்டை தெரியாது.

கேள்வி (அதே அண்ணை): நடுவில் வினைல் விரித்தால்?

திருகு வினைலைத் துளைத்துக்கொண்டுதானே போகும்? அந்தத் துளையால் தண்ணீர் இறங்கி வினைலுக்குக் கீழே காயாமல் நிற்கும். முன்பு இருந்ததை விட மோசம்.

கேள்வி (விட்பி): அண்ணா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். செம்பு கூடாது என்கிறீர்கள், படகில் தண்ணீர் வடிக்கும் துளையை மூடும் அடைப்பானே பித்தளை இல்லையா?

இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், யார் கேட்பார்கள் என்று. பல அடைப்பான்கள் பித்தளைதான். ஆனால் தகட்டில் படுவது அதைச் சுற்றிய இறப்பர். இறப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், குளிர்காலத்தில் கழற்றி வையுங்கள். பிளாஸ்டிக் அடைப்பான் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி (ஒஷாவா): பழைய பெயின்டை எடுக்க அவண் கழுவும் ஸ்ப்ரே நல்லதாமே?

வேண்டாம். அதில் கோஸ்டிக் சோடா இருக்கும். பெயின்டோடு தகட்டையும் கரைக்கும், ஹைட்ரஜன் வாயுவும் வரும். மணல் வீசிச் சுத்தம் செய்தால் மெல்லிய தகடு நெளியும். இரும்புக் கம்பித் தூரிகையும் வேண்டாம், இரும்புத் துகள் தகட்டில் பதிந்து கறள் கட்டும். நைலோன் தேய்ப்பான் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், முகக்கவசத்தோடு ஈரமாகத் தேயுங்கள்.

தேய்த்த தகட்டுக்கு அன்றைக்கே எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பிடிக்கும் முதல் பூச்சு) அடியுங்கள், காற்றுப்பட்டால் ஒக்சைட் மறுபடி படியும். அடிப்பக்கத்துக்குப் பாசி தடுக்கும் பெயின்ட் என்று செம்பு கலந்ததைத் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். உண்மையைச் சொன்னால் நன்னீருக்குப் பெயின்டே தேவையில்லை. பெயின்ட் அழகுக்கு.

கேள்வி (நியூமார்க்கெட்): புரொபேன் விளக்கில் உருகும் அலுமினியக் குச்சியால் வெடிப்பை ஒட்டலாமா?

சின்ன ஓட்டைக்குச் சரி. நீண்ட வெடிப்புக்கு இல்லை. அலுமினியம் 660 பாகையில் உருகும், மேலே உள்ள ஒக்சைட் 2,000 பாகைக்கு மேலே. அந்தப் படலத்தை உடைக்காமல் குச்சி பிடிக்காது, பெரிய தகடு வெப்பத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். வெடிப்பின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீற்றர் துளை போட்டு அது ஓடுவதை நிறுத்துங்கள். பிறகு டிக் வெல்டிங் செய்பவரிடம் கொண்டுபோங்கள், அல்லது 5052 என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் ஒட்டு வெட்டிப் பசையோடு ரிவெட் அடியுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): சிலிக்கனுக்குப் பதிலாக டிவியில் காட்டும் இறப்பர் ஸ்ப்ரே?

சிலிக்கனுக்குச் சொன்னதே இதற்கும்.

கேள்வி (பீற்றர்பரோ): நுரைக்குக் கட்டடக் கடையில் விற்கும் ரோஸ் நிற நுரைப்பலகை போதுமா?

தண்ணீர் குடிக்காது, விலையும் குறைவு. ஆனால் பெற்றோல் பட்டால் கரையும். பெற்றோல் தாங்கி வைக்கும் பின்பக்கத்தில் ஊற்றி நுரைக்க வைக்கும் பொலியூரேதேன் போடுங்கள். எதைப் போட்டாலும் அடியில் தண்ணீர் ஓடி வெளியேற வழி விடுங்கள்.

கேள்வி (கேம்பிரிட்ஜ்): பழைய எவின்ரூட் எஞ்சின் 2 ஸ்ட்ரோக். உதிரிப்பாகம் கிடைக்குமா? எண்ணெய் எவ்வளவு?

செய்வதை 2020இல் நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் பொதுவான பாகங்கள் கிடைக்கும். 50க்கு 1 என்றால் 25 லீற்றர் பெற்றோலுக்கு அரை லீற்றர் எண்ணெய். 1964க்கு முந்திய பல எஞ்சின்களுக்கு 24க்கு 1, புத்தகத்தைப் பாருங்கள். ஓட்டும் முன் தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரை மாற்றுங்கள். கியர் எண்ணெய் பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. அதை அப்படியே குளிர்காலத்துக்கு விட்டால் உறைந்து பெட்டியையே பிளக்கும். மிச்சத்துக்கு எஞ்சின் மெக்கானிக்கைப் பிடியுங்கள்.

கேள்வி (வான்): உரிமம் வேண்டுமா?

10 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேல் என்றால் படகுக்கு வேண்டும். எவ்வளவு சின்ன மோட்டர் என்றாலும் ஓட்டுபவருக்கு அட்டை வேண்டும். கட்டணம், படிவம் எல்லாம் கனேடியப் போக்குவரத்துத் துறையிடம் கேளுங்கள்.

கேள்வி (மயிலிட்டி, யாழ்ப்பாணக் கடற்கரை): எங்களுடையது ஃபைபர் படகு, ஐயா. எஞ்சின் காலில் பொட்டுப் பொட்டாக அரிக்கிறது.

ஃபைபர் எனக்குத் தெரியாத வேலை, அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் நிறைய. ஆனால் எஞ்சின் கால் அலுமினியம். அதில் பூட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள், அதன் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். நாளும் நன்னீரில் கழுவுங்கள். இங்கே ஏரிகளில் ஓட்டுபவர்களுக்குத் துத்தநாகம் சரிவராது, மக்னீசியம்.

கேள்வி (அஜக்ஸ்): மலிவாக ட்ரீட்டட் பிளைவுட் கிடைத்தது. தளத்துக்குப் போடலாமா?

மேலே பிரம்டன் அண்ணையோடு இவ்வளவு நேரமும் எதைக் கதைத்துக்கொண்டிருந்தோம், தம்பி?

கேள்வி (பிரம்டன்): சரி, விடுங்கள். உங்கள் பேச்சுக்கு மருந்து ஏற்றாத ஃபர் மரப் பிளைவுட் வாங்குகிறேன். பின்பலகை எப்படி?

பழைய பலகையை உடைக்காமல் எடுங்கள், அதுதான் அச்சு. முக்கால் அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டி, எப்பொக்சியால் ஒட்டிக் கிளாம்ப் போட்டால் ஒன்றரை அங்குலம் வரும். பெரும்பாலான படகுகளுக்கு அதுதான் தடிப்பு, உங்களுடையதை அளந்து பாருங்கள். கராஜ் குளிராக இருந்தால் பொறுங்கள், குளிரில் எப்பொக்சி இறுகாது.

பலகை உக்குவது ஓரங்களாலும் துளைகளாலும்தான். ஓரத்துக்கு மூன்று பூச்சு எப்பொக்சி. துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, தடித்த எப்பொக்சியால் அடைத்து, இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது. போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ், அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நைலோன் வொஷரும் டெஃப்-ஜெல் என்ற அரிப்புத் தடுக்கும் பசையும். எஞ்சின் மாட்டி முதல் தடவை ஓடி வந்ததும் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பசை அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.