இளம் பிள்ளைகளின் கான்சர்ட் பேண்டுக்கு (ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் சேர்ந்த குழு) வரும் புதிய இசை ஏன் ஒன்றுபோலவே கேட்கிறது? நல்லதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆரம்ப நிலைக்கு எழுதுபவரால் பல இடங்களுக்குப் போகவே முடியாது. கிளாரினெட்டில் ஒரு குறிப்பிட்ட இடம் வரை ஏறினால் விரல்கள் ஏறக்குறைய எல்லாம் திறந்திருக்கும். அடுத்த சுரத்துக்கு எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும். பிஞ்சு விரல்களுக்கு அது பெரிய தாண்டல். அதனால் ஆரம்ப நிலைப் படைப்புகளில் கிளாரினெட் பெரும்பாலும் அதற்குக் கீழேயே நிற்கும். ஹார்னில் சுரங்கள் நெருங்கி நெருங்கி இருப்பதால், நினைத்தது ஒன்று, வருவது ஒன்று. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பி பிளாட் சுரத்தை அடிப்படையாகக் கொண்ட கருவிகள் என்பதால் பாட்டும் பி பிளாட், இ பிளாட், எஃப் என்ற சுருதிகளையே சுற்றும்.

இதெல்லாம் நியாயமான கட்டுப்பாடு. எனக்கு ஒப்பாதது வேறு. தாழ்ந்த சுரங்களை ஊதும் பெரிய பித்தளைக் கருவியான டூபா இல்லாத பேண்டிலும் வாசிக்க முடியவேண்டும் என்று ஒரே வரியை டூபா, பேஸ் கிளாரினெட், பாரிடோன் சாக்ஸபோன் மூன்றுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். மேல் சுரங்களை வாசிப்பவர்களுக்கும் அதே கதை. எல்லோரும் எப்போதும் வாசிக்கிறார்கள். எந்தக் கருவியின் குரலும் தனியாகக் கேட்பதில்லை. மெல்ல ஒரு தொடக்கம், வேகமான நடுப்பகுதி, பெரிய முடிவு. அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வரி நினைவிருக்காது.

ஆனால் அதே எல்லைக்குள் அருமையாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். மைக்கேல் கோல்கிராஸின் 'ஓல்ட் சர்ச்சஸ்' கேளுங்கள். 1978-இல் இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கியவர், பிள்ளைகளுக்காக உட்கார்ந்து எழுதியது. பழைய மடாலயத்தில் துறவிகள் ஓதுவதுபோன்ற சூழல். ஓதும் இசைக்கு ஒற்றை மெட்டே போதும், ஆகவே எளிமை அங்கே குறையாகத் தெரிவதில்லை. முணுமுணுப்பை வழக்கமான சுரக்குறிகளுக்குப் பதில் வரைபடக் குறியீட்டில் எழுதியிருப்பார். புதிதாக வாசிப்பவரும் அதில் தைரியமாக இறங்கலாம். ஆஸ்திரேலியாவின் ஜோடி பிளாக்ஷாவின் 'வேர்ல்விண்ட்' இன்னும் எளிய நிலை. சுழற்றினால் ஒலிக்கும் பிளாஸ்டிக் குழாய்கள்கூட அதில் கருவிதான். கொஞ்சம் தேறியவர்கள் என்றால் ஜான் மேக்கியின் 'ஃபவுண்ட்ரி'. இரும்பு, மரம் என்று கிடைத்ததைத் தட்டும் தாளக்காரர்கள் பாட்டின் நடுவுக்கே வந்துவிடுகிறார்கள். வழக்கமாகப் பின்வரிசையில் குச்சியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள்!

சரி, தேர்வு எப்படி? அட்டையில் போட்டிருக்கும், பாட்டு எவ்வளவு கடினம் என்று காட்டும் நிலை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பதிப்பகத்தின் இரண்டு இன்னொன்றில் மூன்றாக இருக்கும். பதிவையும் முதலில் கேட்க வேண்டாம். தேர்ந்த கலைஞர்கள் வாசித்தால் எதுவும் அழகாகத்தான் இருக்கும். எல்லாக் கருவிகளின் வரிகளும் சேர்ந்திருக்கும் ஸ்கோரைத் திறந்து, கிளாரினெட் குழுவில் கடைசிப் பிரிவான மூன்றாம் கிளாரினெட்டின் வரியை மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பாடிப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு ஓரிடத்திலாவது மெட்டு கிடைக்கிறதா? அல்லது அவள் இல்லாவிட்டால் தெரிந்துவிடும் ஒரு சுரமாவது? அப்புறம் டூபாவுக்கும் அதே சோதனை. இரண்டுமே இல்லையென்றால் நான் அந்தப் பாட்டை எடுப்பதில்லை, எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும்.

அடுத்து ஓய்வுக் குறிகளைத் தேடுங்கள். எழுதியவர் சிலரை நிறுத்திவைத்து இரண்டு மூன்று கருவிகளை மட்டும் பேச விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அந்த இடங்களில் பிள்ளைகள் முதலில் பயப்படுவார்கள், ஒத்திகையில் அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.