மனித உடல் இறைச்சிக்கு ஏற்றதுதானா?

கேள்வி: மனிதனுக்குக் கோரைப்பல் சிறியது, குடல் நீளமானது, அதனால் அவன் இயற்கையிலேயே சைவம் என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. நான் பிறந்ததிலிருந்து சைவம். கால்நடை மருத்துவம் படித்தவன். ஆட்டின் குடலையும் நாயின் குடலையும் மேசைமேல் விரித்துப் பார்த்தவன். அதனால்தான் இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படுகிறது.

கோரைப்பல் எதையும் நிரூபிக்காது. ஆண் கொரில்லாவின் கோரைப்பல்லைப் பார்த்தால் நடுங்கும். அது தின்பதோ பெரும்பாலும் இலை, தண்டு, பழம்.

குடலில்தான் விஷயம் இருக்கிறது. ஆட்டின் வயிற்றைத் திறந்தால் முதலில் கைக்குத் தட்டுப்படுவது அசைபோடும் இரைப்பை. வயிற்றறையில் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். உள்சுவர் பூத்துவாலைபோலச் சொரசொரப்பாக இருக்கும். உள்ளே பாதி மென்ற தழை புளித்த வாடையோடு கிடக்கும். நுண்ணுயிர்களை வைத்து நாரைச் சத்தாக மாற்ற அவ்வளவு பெரிய இடம் வேண்டும். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. சிம்பன்சியின் குடலில் ஏறக்குறைய பாதி பெருங்குடல். நமக்கோ சுமார் 20 சதவீதம்தான், பாதிக்கு மேல் சிறுகுடல். தழையை நம்பி வாழும் குடல் அல்ல இது. இறைச்சி, கிழங்கு, கொட்டை, வேகவைத்த தானியம் என்று சத்து செறிந்த உணவைக் கேட்கும் குடல்.

எத்தியோப்பியாவின் பௌரி பகுதியில் கிடைத்த 25 லட்சம் ஆண்டுப் பழைய விலங்கெலும்புகளில் கல்லாயுதத்தால் சதையை அறுத்த கீறல்களும், மஜ்ஜைக்காக உடைத்த தடங்களும் இருக்கின்றன. எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி நாடாப்புழு. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி வழியாகத் தொற்றும் டீனியா புழுக்கள் முழு வளர்ச்சி அடைவது மனிதக் குடலில்தான். நம் முன்னோர் காலங்காலமாக இறைச்சி தின்றிராவிட்டால் அந்த வாழ்க்கைச் சுழற்சியே உருவாகியிருக்காது. மாடும் பன்றியும் வளர்க்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே ஆப்பிரிக்காவில் இவை நம்மிடம் ஒட்டிக்கொண்டன என்பது 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வின் முடிவு.

அதற்காக நாம் பூனை இனமும் அல்ல. பூனையால் கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்க முடியாது, நம்மால் முடியும். பூனை தன் வைட்டமின் சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நமக்கு அது பெரும்பாலும் காய் கனியிலிருந்துதான் வரவேண்டும். ஆர்க்டிக் பயணி ஸ்டெஃபான்சன் 1928இல் நியூயார்க் மருத்துவமனையில் வெறும் இறைச்சி உணவுச் சோதனைக்கு உட்பட்டார். கொழுப்பில்லாத சதையை மட்டும் கொடுத்தபோது சில நாளிலேயே வயிற்றுப்போக்கில் துவண்டார். கொழுப்பு சேர்த்ததும் தேறினார்.

ஆக, இரண்டையும் தின்னத் தெரிந்த உடம்பு இது. இறைச்சி இதற்கு ஒத்துவரும், ஆனால் அது இல்லாமலும் வாழும். ஓர் உயிரைக் கொல்ல மனம் வரவில்லை என்றால் சைவத்துக்கு அந்தக் காரணம் தாராளமாகப் போதும். பல்லையும் குடலையும் பொய்சாட்சிக்கு இழுக்க வேண்டாம். அசைவம் சாப்பிடுபவரை இயற்கைக்கு விரோதி என்று ஏசுவதும் அநியாயம்.

சைவர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வைட்டமின் பி12 பற்றி. செடிகொடிகள் அதை உண்டாக்குவதில்லை, பாக்டீரியாக்கள்தான் உண்டாக்குகின்றன. ஆடு மாட்டுக்கு அது சொந்த இரைப்பையிலேயே கிடைத்துவிடுகிறது. நமக்குப் பாலும் தயிரும் ஓரளவு தரும். பாலையும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்தே ஆகவேண்டும். கால் மதமதப்பு, தீராத அசதி, மறதி என்று இருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் பி12 அளவை ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். நாள்பட விட்டால் நரம்புப் பாதிப்பு முழுதாகச் சரியாகாமல் போகலாம்.