கோல்ஃப் கேள்வி-பதில்: எப்போது புரோ ஆகலாம்?

என் மகளுக்கு 18 வயது. நந்தனத்தில் ஆறு வருடமாக கோல்ஃப் பழகுகிறாள். செலவு கட்டுப்படியாகவில்லை. பரிசுப் பணமாவது வரட்டும் என்று இப்போதே புரோ (தொழில்முறை வீராங்கனை) ஆக்கிவிடலாமா?
– வாசகி, அண்ணா நகர்

செலவுக்காக என்றால் வேண்டாம். 2022 ஜனவரி 1 முதல் அமெச்சூர் (தொழிலாக ஆடாதவர்) விதிகள் தளர்ந்துவிட்டன. அமெச்சூராக இருந்துகொண்டே ஸ்பான்சரிடம் பணம் வாங்கலாம், சட்டையில் அவர்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஹேண்டிகேப் (திறன் குறைந்தவருக்குத் தரும் ஷாட் சலுகை) கழிக்காத போட்டிகளில் 1,000 டாலர் வரை பரிசும் வாங்கலாம். அந்த வரம்பைத் தாண்டிய பரிசை ஏற்றாலோ, புரோ என்று பதிந்து ஆடினாலோதான் தகுதி போகும். இன்னொன்றும் உண்டு, இதில் மிகவும் கவனமாக இருங்கள்: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காசு வாங்கிக்கொண்டு கோல்ஃப் சொல்லிக் கொடுத்தாலும் தகுதி போய்விடும்.

இந்தியப் பெண்கள் கோல்ஃப் சங்கம் நடத்தும் புரோ தொடரில் அமெச்சூர்களும் ஆடுகிறார்கள். ஒரு சீசன் அப்படி ஆட விடுங்கள். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் பரிசுப் பட்டியலைப் பார்த்து, அவள் எடுத்த ஸ்கோருக்குப் புரோவாக இருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் பயணம், அறை, சாப்பாடு, கேடி (பை தூக்கி உதவுபவர்) கூலி, நுழைவுக் கட்டணம். 'கட்' (போட்டியின் பாதியில் வெளியேற்றும் ஸ்கோர் வரம்பு) தாண்டாத வாரத்திலும் இந்தப் பக்கம் அநேகமாக அப்படியேதான் இருக்கும். ஆறேழு போட்டிக்குப் பிறகு கூட்டிப் பார்த்து, வரவு மிஞ்சினால் முடிவெடுக்கலாம்.

இந்திய வீராங்கனை அதிதி அசோக் சென்ற வரிசையைப் பாருங்கள். 2015 டிசம்பரில் அமெச்சூராகவே மொராக்கோ போய், ஐரோப்பியத் தொடருக்கான தகுதிப் போட்டியில் முதலிடம் பிடித்தார். ஆட இடம் கையில் வந்த பிறகே, 2016 ஜனவரி 1 அன்று புரோ ஆனார். அதே ஆண்டு நவம்பரில் இந்திய ஓபன் பட்டம் அவருடையது.

என் டிரைவ் (ஹோலின் தொடக்க நீள அடி) 200 யார்டைத் தாண்டுவதே அபூர்வம். புரோ கனவை விட்டுவிட வேண்டியதுதானா?
– கல்லூரி மாணவி, கிண்டி

விட வேண்டாம். மறுபடியும் அதிதிதான் உதாரணம். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய 60 பேரில் டிரைவ் தூரத்தில் அவர் கடைசி வரிசை, பட்டிங்கில் (ஹோலுக்கு அருகே பந்தை உருட்டித் தட்டுவதில்) முதல் வரிசை. 15 அண்டர் (நிர்ணயித்த ஷாட் கணக்கைவிட 15 குறைவு), நான்காவது இடம். வெண்கலத்துக்கு ஒரே ஒரு ஷாட் குறைவு.

தூரத்துக்கு உடற்பயிற்சி செய்யுங்கள். ஆனால் பயிற்சி நேரத்தில் பாதியாவது ஹோலிலிருந்து 100 யார்டுக்கு உள்ளேயே போகட்டும். ஒரு ஹோலுக்கு மூன்று பட் விழுவது பெரும்பாலும் திசைத் தவறால் அல்ல, வேகத் தவறால். 10, 15, 20 காலடி வைத்து நடந்து, ஒவ்வொரு இடத்திலிருந்தும் பத்துப் பந்து தட்டுங்கள். ஹோலைச் சுற்றி மூன்றடிக்குள் நிற்பவற்றை மட்டும் எண்ணுங்கள்.

நம் வெயிலைத் தாங்கும் பெர்முடா புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். பளபளப்பாகத் தெரிந்தால் பந்து புல்லோடு ஓடும். கறுத்துத் தெரிந்தால் எதிர்த்து ஓடும், கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும். குளிர் நாடுகளில் புல் வேறு, இந்தச் சாய்வு அவ்வளவாக இராது. அங்கே குளிர்காற்றில் பந்து குறைவாகவும் பறக்கும். போய் இறங்கிய முதல் நாளை உங்கள் ஒவ்வொரு கிளப்பும் எவ்வளவு போகிறது என்று அளப்பதற்கே ஒதுக்குங்கள்.

பையில் தவறி 15 கிளப் இருந்தால்?
– வாசகர், வேளச்சேரி

அனுமதி 14. கூடுதல் கிளப்போடு ஆடிய ஒவ்வொரு ஹோலுக்கும் 2 ஷாட் தண்டனை, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 4. தெரிந்த உடனே அந்தக் கிளப்பை விலக்கிவிட வேண்டும். முந்தின நாள் பயிற்சிக்கு எடுத்த வெட்ஜ் (குறுந்தூரக் கிளப்) பையிலேயே தங்கிவிடுவதால் வருவது இது. முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஸ்கோர் கார்டு இதைவிடக் கடுமை: ஒரு ஹோலில் எடுத்ததைவிடக் குறைத்து எழுதிக் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே நீக்கம், கூட்டி எழுதினால் அந்தக் கூடுதல் ஸ்கோரே நிற்கும்.