இசைக் கேள்வி பதில்: கேரி கிளார்க் ஜூனியரும் அந்தக் கோபப் பாட்டும்

கே: கேரி கிளார்க் ஜூனியரோட 'திஸ் லேண்ட்' பாட்டை ஃப்ரெண்ட் போட்டுக் காட்டினான். கிட்டார் செம. ஆனா மனுஷனுக்கு ஏன் இவ்ளோ கோபம்?

ப: ஒரு பக்கத்து வீட்டுக்காரர்தான் காரணம். கேரி, ப்ளூஸ்ங்கிற அமெரிக்கக் கறுப்பர்களோட பழைய இசையைப் பாடி வாசிக்கிற கிட்டார் கலைஞர். பொறந்து வளர்ந்தது எல்லாமே டெக்சாஸ்ல இருக்கிற ஆஸ்டின்ல, கையில நாலு காசு வந்தப்புறம் ஊருக்குத் தெற்கே கைல்-ங்கிற இடத்துப் பக்கமா 50 ஏக்கர்ல ஒரு பண்ணை வாங்கினாரு. ஒருநாள் பக்கத்து இடத்துக்காரர் வந்து இந்த வீடு யாரோடதுன்னு கேட்க, என்னோடதுதான்னு இவர் சொல்ல, அந்த ஆளு நம்பவே இல்ல, ஓனரைக் கூப்பிடு ஓனர்கிட்ட பேசணும்னு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு நிக்கிறாரு. கறுப்பர் ஒருத்தருக்கு இவ்ளோ பெரிய இடம் எப்படி இருக்கும்ங்கிறதுதான் விஷயம், வாய்விட்டு சொல்லணும்னு இல்ல. கேரியோட சின்னப் பையன் பக்கத்துலயே நின்னு இதெல்லாம் பாத்துட்டு இருந்தான். அவமானம் நமக்கு மட்டும்னா துடைச்சிட்டுப் போயிடலாம், புள்ள கண்ணு முன்னாடி நடந்தா அது வேற.

அதை அப்படியே பாட்டுல இறக்கிட்டாரு. பண்ணை, பழைய ஃபோர்டு மாடல் ஏ கார், சுத்தி டிரம்ப் ஆளுங்க, எல்லாம் வரியிலேயே இருக்கு. கோரஸ்ல, கறுப்பர்களைத் திட்டுற அந்தக் கெட்ட வார்த்தையை அவரே வாயில எடுத்து, ஓடு, வந்த இடத்துக்கே போன்னு கத்துவாரு, அடுத்த மூச்சுலயே நான் அமெரிக்காவோட புள்ள, இதுதான் நான் வந்த இடம்னு பதிலும் அவரே. 1940ல நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி எழுதின 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' அங்க ஸ்கூல் புள்ளைங்ககூட பாடுற பாட்டு, இந்த மண்ணு உனக்கும் எனக்கும்னு அதுல வரும். இவரு அந்தத் தலைப்பைப் பாதியில வெட்டி, என்னோடதுன்னு முடிச்சுட்டாரு. 50 ஏக்கர்னு அவர் பாடுறப்பல்லாம் எனக்கு அந்த 40 ஏக்கர் ஞாபகம் வரும், 1865ல, அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்துல, வடக்குப் படை ஜெனரல் ஷெர்மன் விடுதலையான அடிமைங்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரைக்கும் நிலம்னு ஆர்டர் போட, அதே வருஷமே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பி வாங்கிட்டாரே, அது.

கே: கிட்டார் ஏன் அப்படிக் கிழிஞ்ச மாதிரி கேக்குது? ஸ்பீக்கர் போயிடுச்சோன்னு நினைச்சேன்!

ப: ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. அது ஃபஸ் பெடல் வேலை, காலால மிதிச்சு ஆன் பண்ற ஒரு சின்னப் பெட்டி. கிட்டார்ல இருந்து வர்ற சிக்னலை ரொம்பப் பெருசாக்கி அலையோட மேல் நுனியையும் கீழ் நுனியையும் சப்புன்னு வெட்டிவிடும், வளைவா இருந்த அலை சதுரமாயிடும், காதுக்கு அது கரகரன்னு வரும், ஒரு ஸ்வரத்தைத் தட்டினா லேசுல அடங்காது. இதுல இன்னொண்ணு, அவரோட கிட்டார்னு எல்லாருக்கும் தெரிஞ்சது எபிஃபோன் கசினோ, உள்ள முழுக்க வெத்து டப்பா, ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருசாக்குற பெட்டி) பக்கத்துல சத்தமா வெச்சு வாசிச்சா தானா ஊளையிட ஆரம்பிக்கும். பல பேரு அதுக்குப் பயந்தே மேடையில அதைத் தொட மாட்டாங்க. இந்தப் பாட்டுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, இவ்ளோ கிட்டார் தெரிஞ்ச மனுஷன் சோலோவை, அதாவது கிட்டார் தனியா முழங்குற இடத்தை, பின்னாடி தள்ளிட்டாரு, கனமான பேஸும் ரெக்கே ஹிப்-ஹாப் கலந்த பீட்டும்தான் முன்னாடி நிக்குது.

கே: ஒரே பாட்டுல பெரிய ஆளாயிட்டாரா?

ப: அட நீங்க வேற. ஆஸ்டின்ல ஆண்டோன்ஸ்னு ஒரு ப்ளூஸ் கிளப் இருக்கு, டீன் ஏஜ்லயே அங்க மேடை ஏறினவரு, கிளப் ஓனர் கிளிஃபர்ட் ஆண்டோன்தான் பையனைப் பெரிய ப்ளூஸ் ஆளுங்களோட நிக்கவெச்சாரு. 2001ல ஆஸ்டின் மேயர் மே 3ஐ கேரி கிளார்க் ஜூனியர் தினம்னு அறிவிச்சாரு, அப்போ வயசு 17! அதுக்கப்புறம் உலகத்துக்குத் தெரிய இன்னும் ஒன்பது வருஷம் ஆச்சு, 2010ல பிரிட்டிஷ் கிட்டார் ஜாம்பவான் எரிக் கிளாப்டன் நடத்துற கிராஸ்ரோட்ஸ் விழாவுல 'பிரைட் லைட்ஸ்' பாடினாரு, ராத்திரி முடியறதுக்குள்ள என் பேரு உனக்குத் தெரிஞ்சிடும்னு ஒரு வரி அதுல, கிட்டத்தட்ட அப்படியே ஆச்சு. அடுத்தது வார்னர் பிரதர்ஸ் இசைக் கம்பெனியோட ஒப்பந்தம், 2012ல வெள்ளை மாளிகையில ஒபாமா முன்னாடி ப்ளூஸ் கச்சேரி, அதே வருஷம் 'பிளாக் அண்ட் ப்ளூ' ஆல்பம். அடுத்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் (1960கள்ல கிட்டார்ல கலக்கின ராக் கலைஞர்), ப்ளூஸைக் காப்பாத்த வந்தவன்னு ஆளாளுக்குப் பட்டம் கட்டினாங்க. என்னைக் கேட்டா அந்தப் பட்டம் ஒரு சுமை, கேக்குறவன் எப்பவும் சோலோவையே எதிர்பார்ப்பான், பாட்டுல என்ன சொல்றாருன்னு காது கொடுக்க மாட்டான். 2019ல இந்தக் கோபப் பாட்டு வந்தப்போதான் ஆளு என்ன சொல்றாருன்னு ஜனங்க கேட்டாங்க.

கே: அமெரிக்காவோட பெரிய இசை விருது கிராமி கிடைச்சுதா?

ப: 2014லயே ஒண்ணு வாங்கிட்டாரு, அதுவும் கிட்டாருக்கு இல்ல, பாரம்பரிய ஆர் அண்ட் பி பாட்டுக்கு. 2020ல மூணு: சிறந்த ராக் பாடல், சிறந்த ராக் பெர்ஃபார்மன்ஸ் ரெண்டும் 'திஸ் லேண்ட்' பாட்டுக்கு, அதே பேர்ல வந்த ஆல்பத்துக்கு சமகால ப்ளூஸ் விருது. ப்ளூஸ் ஆளுக்கு ராக் விருதான்னு கேக்காதீங்க, ராக் எங்க இருந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?

கே: சினிமாவுல நடிச்சிருக்காராமே?

ப: ஆமா, 2007ல 'ஹனிட்ரிப்பர்'. அப்புறம் 2022ல வந்த 'எல்விஸ்' படத்துல (ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி கதை) ஆர்தர் க்ரூடப்ங்கிற ப்ளூஸ் பாடகரா கொஞ்ச நேரம் வருவாரு. எல்விஸோட முதல் சிங்கிள் 1954ல வந்துச்சே, அந்தப் பாட்டு இந்த க்ரூடப் எழுதி 1946லயே பாடினது. சேர வேண்டிய ராயல்டிக்காகப் பல வருஷம் போராடிப் பாத்தாரு, முழுசாக் கைக்கு வராமலே 1974ல செத்துப்போனாரு.